அஞ்சலட்டை அளவுக் கட்டையில் இயேசுவின் உவமைகள்: மில்லேயும் டால்ஸியல் சகோதரர்களும்

ஒரு பெண் கையில் மெழுகுவர்த்தியோடு தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் துடைப்பம். அறை முழுக்க இருட்டு. அவளிடம் இருந்த பத்து வெள்ளிக்காசில் ஒன்று எங்கோ விழுந்துவிட்டது. லூக்கா 15ஆம் அதிகாரத்தில் மூன்றே வசனத்தில் முடிந்துவிடும் உவமை இது. படத்தை வரைந்தவர் ஆங்கிலேய ஓவியர் ஜான் எவரெட் மில்லே. மரத்தில் செதுக்கியவர்கள் லண்டனின் டால்ஸியல் சகோதரர்கள். உயரம் 14 செ.மீ., அகலம் 10.8 செ.மீ.; நம் அஞ்சலட்டையைவிடச் சற்றே அகலம், அவ்வளவுதான்.

படத்தில் தேவதூதர் இல்லை, ஒளிவட்டம் இல்லை, வானத்திலிருந்து இறங்கும் கதிர் இல்லை. இருப்பது ஒரு வீடு, ஒரு வேலை, ஒரு கவலை. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் குடும்பங்கள் இயேசுவின் உவமைகளை இப்படித்தான் தங்கள் மேசையில் வைத்துப் பார்த்தன. இதை மில்லேயின் கற்பனை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் பாதிதான் புரியும். கட்டையின் அளவு, உளியின் போக்கு, மை ஏறும் விதம், மாத இதழின் அச்சு வேகம் எல்லாம் சேர்ந்துதான் உவமையை வீட்டுக்குள் கொண்டுவந்தன. ஆகவே இந்தப் படங்களைப் பற்றிப் பேச, அவை செய்யப்பட்ட விதத்தைப் பேசியாக வேண்டும்.

டால்ஸியல் குடும்பம் இங்கிலாந்தின் வடகோடியான நார்தம்பர்லாந்திலிருந்து வந்தது. ஜார்ஜ் 1835இல் லண்டனுக்கு வந்து தொழில் கற்றார். பின் எட்வர்ட், ஜான், தாமஸ் வந்து சேர்ந்தார்கள். தங்கை மார்கரெட்டும் தேர்ந்த செதுக்குக் கலைஞர். அவர் பெயர் படங்களின் மூலையில் தனியாக வருவதில்லை. ‘டால்ஸியல்’ என்ற ஒரே கையொப்பத்துக்குள் அவரும் இருக்கிறார், பெயர் தெரியாத பல பணியாளர்களும் இருக்கிறார்கள். 1839 முதல் 1893 வரை இந்தப் பட்டறை எடுத்து வைத்த சோதனைப் பிரதிகள் ஏறத்தாழ 54,000. அந்தத் தொகுப்பேடுகள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

1857இல் அவர்கள் மில்லேயிடம் 30 உவமைப் படங்கள் கேட்டார்கள். கிடைத்தவை 20. முதல் வரைபடம் 1857 ஆகஸ்டிலும் கடைசி வரைபடம் 1863 அக்டோபரிலும் முடிந்ததாக நூலின் முன்னுரையே சொல்கிறது. 20 சிறிய படங்களுக்கு ஆறு ஆண்டுகள். ஒவ்வோர் உவமையையும் திரும்பத் திரும்ப வரைந்து பார்த்த பிறகே ஒன்றை முடிவு செய்வதாக மில்லே கடிதம் எழுதினார். சாதாரணப் பத்திரிகைப் படங்களை அவர் மிக வேகமாக முடிப்பவர் என்பதை நினைத்தால் இந்தத் தாமதத்தின் பொருள் விளங்கும். 20இல் 12 படங்கள் 1863இல் ‘குட் வேர்ட்ஸ்’ என்ற மாத இதழில் வந்தன. பிறகு இருபதும் சேர்ந்து, 1864 என்று ஆண்டிட்டு, ரௌட்லெட்ஜ் நிறுவனத்தின் நூலாக வந்தன.

மாத இதழ் என்பது இங்கே முக்கியம். ஓய்வுநாளைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை நாவலும் விளையாட்டுச் சாமானும் உள்ளே போய்விடும். மாலை முழுக்க வேத வசனமும் அதற்குத் துணையான வாசிப்பும்தான். 1860இல் அலெக்ஸாண்டர் ஸ்ட்ராஹன் தொடங்கி, ஸ்காட்லாந்துப் போதகர் நார்மன் மக்லியோட் ஆசிரியராக இருந்து நடத்திய ‘குட் வேர்ட்ஸ்’ அந்த மாலைப் பொழுதுக்காகவே வந்தது. ஆனால் அறிவியலும் கதையும் கூடவே இருந்தன. புனிதத்தையும் உலகியலையும் ஒரே அட்டைக்குள் கலக்கிறார்கள் என்று 1863இல் கடுமையான எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டில், தொடராக வெளியிடக் கேட்டு வாங்கிய ஆந்தனி டிரோலப்பின் நாவல் ஒன்றையே மக்லியோட் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அப்படிப்பட்ட சூழலில் மில்லேயின் உவமைகளை யாரும் குறை சொல்ல வழியில்லை. பிள்ளை பார்க்கலாம், பாட்டியும் பார்க்கலாம்.

ஆனால் 13 ஆண்டுகளுக்கு முன் இதே மில்லே இதே காரியத்துக்காகத் திட்டு வாங்கியிருந்தார். 1850இல் அவர் காட்சிக்கு வைத்த ஓவியத்தில் சிறுவன் இயேசு தச்சுப் பட்டறையில் நிற்கிறான். தரையெல்லாம் மரச்சுருள், யோசேப்பின் கை நரம்போடிய தொழிலாளியின் கை. திருக்குடும்பத்தை இவ்வளவு சாதாரணமாக, அழுக்காகக் காட்டலாமா என்று சார்லஸ் டிக்கன்ஸே தம் வார இதழில் கடுமையாக எழுதினார். உவமைப் படங்களில் அந்தத் தச்சுப் பட்டறைப் பார்வை அப்படியே தொடர்கிறது. இந்த முறை யாரும் கோபப்படாததற்குக் காரணம் எளிது: உவமையில் வருபவர்கள் முதலிலேயே சாதாரண மனிதர்கள். விதைக்கிறவன், மாவு பிசைகிறவள், மேய்ப்பன், கூலியாள், கதவைத் தட்டுகிற சிநேகிதன். உவமையைச் சொன்னவர் வேலையையும் கூலியையும் சமையலையும் வைத்தே பேசினார். மில்லே செய்தது அந்தச் சொல்லை அப்படியே நம்பியது.

அந்தக் காலத்தின் இன்னொரு பெரிய முயற்சியைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியும். ஜெர்மனியில் யூலியஸ் ஷ்னோர் ஃபான் கரோல்ஸ்ஃபெல்ட் 240 மரச்செதுக்குகளில் முழு வேதாகமத்தையும் படமாக்கி 1860இல் முடித்தார். அங்கே உடல்கள் ரஃபேலின் ஓவியத்திலிருந்து இறங்கி வந்தவை. மடிப்பு மடிப்பான அங்கி, தெளிந்த கோடு, மேடையில் நிற்பது போன்ற ஒழுங்கு. தேவாலயச் சுவருக்கு ஏற்ற படத்தைச் சிறிதாக்கித் தந்ததாகவே தோன்றும். மில்லேயின் படங்கள் முதலிலிருந்தே மடியில் வைத்து, விளக்குப் பக்கமாகச் சாய்த்துப் பார்க்க என்று யோசிக்கப்பட்டவை.

இனி கட்டைக்கு வருவோம்.

மரச்செதுக்குக்கு அன்று பயன்பட்டது பாக்ஸ்வுட். மெதுவாக வளரும் குட்டை மரம். நார் மிக நெருக்கம், நிறம் வெளிர்மஞ்சள். நல்ல மரம் துருக்கி, கருங்கடல் பக்கத்திலிருந்து வரும். பலகையாக நீளவாக்கில் அறுப்பதில்லை. தண்டைக் குறுக்காக அறுத்து, வளையங்கள் தெரியும் முகத்தில் செதுக்குவார்கள். நீளவாக்குப் பலகையில் உளி நாரோடு இழுபட்டுப் பிளக்கும். குறுக்குவெட்டு முகத்தில் எந்தப் பக்கம் தள்ளினாலும் உளி ஒரே மாதிரி போகும். தலைமுடி அளவு கோடு கிடைப்பது இதனால்தான்.

குறுக்காக அறுத்தால் தண்டின் பருமனே கட்டையின் எல்லை. பாக்ஸ்வுட் தண்டு பெரிதாகப் பருக்காது. நடுவில் வெடிப்பும் இருக்கும். ஆகவே பழுதில்லாத சிறு துண்டுகளைச் சதுரமாக்கி, ஒட்டியோ பின்னால் திருகாணி போட்டு இறுக்கியோ ஒரு கட்டையாக்குவார்கள். கனம் அச்செழுத்தின் உயரமான 0.918 அங்குலம், அதாவது 23.3 மி.மீ. அப்போதுதான் எழுத்தோடு ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தத்தில் அச்சடிக்க முடியும். செப்புத்தகட்டுச் செதுக்கு வேலைக்கு இந்த வசதி கிடையாது. அதற்குத் தனி அச்சுப்பொறி, தனித் தாள் வேண்டும். மலிவான மாத இதழில் படமும் எழுத்தும் சேர்ந்து வீட்டுக்கு வந்ததற்கு இந்த 23.3 மில்லிமீட்டர்தான் அடிப்படை.

கட்டையின் முகத்தை மெருகேற்றிய பின், ‘சைனீஸ் ஒயிட்’ என்ற துத்தநாக வெண்மையை ஈரக்கையால் மெல்லப் பூசுவார்கள். இங்கே பலரும் தவறுவார்கள். பூச்சு கனத்தால், உளி நுழையும்போது வெண்மை செதிலாகப் பெயர்ந்து, கூடவே வரைந்த கோடும் போய்விடும். பூச்சு குறைந்தால் மெருகான மரத்தில் பென்சில் வழுக்கும். மஞ்சள் மரத்தில் சாம்பல் கோடு கண்ணில் நிற்காது. தண்ணீர் கூடினால் நார் உப்பி முகம் வளையும். பிறகு அச்சில் ஒரு மூலை கருத்து மறு மூலை வெளிறும்.

இந்த வெள்ளை முகத்தில் மில்லே நேரடியாக வரைந்தார். வலது இடமாக, இடது வலமாக. அச்சில் எல்லாம் திரும்பும் என்பதால், வலது கையால் விதைப்பவனைக் கட்டையில் இடது கையால் விதைக்க வைக்க வேண்டும். இதில் கொஞ்சம் கவனம் சிதறினாலும் விற்பனைக்கு வந்த பிறகுதான் கண்ணில் படும். அந்தக் காலப் பத்திரிகைப் படங்களில் இடக்கையர் எண்ணிக்கை தேவைக்கு மேல் இருப்பதற்கு இதுவே காரணம்.

செதுக்குபவர் வேலை மேசையில் தோல்பை ஒன்று இருக்கும், உள்ளே மணல். அதன் மேல் கட்டையை வைத்து இடது கையால் கட்டையைத்தான் திருப்புவார்கள், வலது கை உளி அதிகம் நகராது. வளைவான கோடு வேண்டுமானால் கட்டை சுழலும். இரவில் விளக்குக்கும் கட்டைக்கும் நடுவே தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டை. ஒளியைக் குவித்து வேலை செய்யும் இடத்தில் மட்டும் விழச் செய்யும். கண்ணில் உருப்பெருக்கி. கட்டை முழுவதையும் தாளால் மூடி, அன்றைக்குச் செதுக்கும் பகுதியை மட்டும் கிழித்துத் திறந்து வைப்பார்கள். கை பட்டால் பென்சில் கலைந்துவிடும். குளிர்காலத்தில் மூச்சுக்காற்றின் ஈரம் கட்டையில் படியாமல் இருக்க வாய்க்கு முன் ஒரு மறைப்பு கட்டிக்கொள்வதும் உண்டு.

மரச்செதுக்கில் இரண்டு வழிகள் உண்டு. முந்தைய தலைமுறைச் செதுக்குக் கலைஞர் தாமஸ் பூவிக் காலத்து வழியில் உளி போகும் பாதையே கோடு. அது வெள்ளையாக அச்சாகும். கலைஞரே செதுக்குபவராக இருந்தால் இதுதான் இயல்பு. டால்ஸியல் பட்டறை மில்லேக்காகச் செய்தது எதிர்வழி: ஓவியர் பென்சிலால் இட்ட கறுப்புக் கோட்டின் இரு பக்கமும் மரத்தை எடுத்து, கோட்டை மட்டும் மேடாக விட வேண்டும். தனிக்கோட்டுக்கு இரண்டு வெட்டு போதும். குறுக்குமறுக்கான கோடுகளுக்குக் கதையே வேறு. பேனாவால் இரண்டு திசையில் கிறுக்கிவிட்டால் ஓவியர் வேலை ஒரு நொடியில் முடிந்தது. செதுக்குபவரோ அந்தக் கோடுகளுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு சின்னக் கட்டத்தையும் தனித்தனியாகக் குடைந்தெடுக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 40 கோடு என்று இரு திசையிலும் போட்டால் ஒரு சதுர அங்குலத்தில் 1,600 கட்டம். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நான்கு பக்கம். உளி ஒரு முறை தாண்டினால் கோடு அறுந்துவிடும். அறுந்ததை ஒட்ட முடியாது. பழுதான இடத்தைத் துளையிட்டு, பாக்ஸ்வுட் ஆணி ஒன்றை அடித்து இறுக்கி, முகம் சமமாக்கி, அந்த இடத்தை மறுபடி வரைந்து செதுக்குவார்கள். ஆணி சற்றே தாழ்ந்தால் அச்சில் வெளிறிய வட்டம், உயர்ந்தால் கரும்பொட்டு.

மில்லே இந்தச் சிரமத்தை அறிந்து வரைந்தார் என்பதுதான் அவர் பெருமை. அவர் நண்பரான ஓவியர் தாந்தே கேப்ரியல் ரொஸெட்டி பென்சில், மை, நீர்வண்ணம் எல்லாவற்றையும் கலந்து கட்டையில் வரைந்துவிட்டு, டால்ஸியல்கள் தன் படத்தை வெட்டிப் போட்டார்கள் என்று புலம்பினார். நீர்வண்ணச் சாயலுக்குக் கோடு எது என்று தீர்மானிக்க வேண்டியவர் செதுக்குபவரே; சண்டை அங்கேதான் பிறக்கும். மில்லேயின் உவமைக் கட்டைகளில் கோடு கோடாகவே இருந்தது. எந்த இடத்தை நிழலில் விட வேண்டும், எந்தக் கோட்டைத் தனியாக நிறுத்த வேண்டும் என்று வரையும்போதே முடிவாகியிருந்தது.

தொலைந்த காசுப் படத்தில் இதன் பலனைக் காணலாம். மேடான பகுதி மட்டுமே மை ஏற்று அச்சாகும் இந்த முறையில், எதையும் செதுக்காத மரம் முழுக் கறுப்பாக அச்சாகும். அதாவது இருட்டுதான் இந்தக் கலையின் தொடக்கநிலை. உளி கொண்டுவருவது வெளிச்சம். மெழுகுவர்த்திச் சுடர் இருக்கும் இடத்தில் மரம் முற்றிலும் எடுக்கப்பட்டு வெறும் தாள் தெரிகிறது. அங்கிருந்து விலக விலகக் கோடுகள் தடிக்கின்றன, இடைவெளி குறைகிறது, கடைசியில் சுவர் இருட்டில் கலந்துவிடுகிறது. காசு எங்கே என்று பார்ப்பவரும் தேடத் தொடங்கிவிடுவார். ஒரே சுடர் உள்ள அறை என்பது இந்த உவமைக்கும் வேண்டியது, இந்தத் தொழிலுக்கும் வாய்ப்பானது. மூடிய கதவுக்கு வெளியே இருட்டில் நிற்கும் புத்தியில்லாத கன்னிகைகள், இரவில் களை விதைக்கும் சத்துரு என்று இத்தொகுப்பின் வலுவான படங்கள் இருட்டுப் படங்களாக அமைந்தது தற்செயல் அல்ல. சத்துருவை மட்டும் மில்லே பேயுருவாகவே வரைந்தார்; பின்னர் அதை எண்ணெய் ஓவியமாகவும் தீட்டினார். அது பர்மிங்ஹாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் பார்வையில் 20இல் அந்தப் படம்தான் சற்று மிகையானது. பயமுறுத்த வேண்டும் என்ற எண்ணம் முன்னால் வந்து நிற்கிறது.

புளித்தமாவு உவமை இதற்கு நேர் எதிர். மத்தேயு 13:33இல் ஒரே வசனம்: ஒரு பெண் மூன்று படி மாவில் புளித்தமாவை அடக்கி வைக்கிறாள், எல்லாம் புளிக்கிறது. பரலோக ராஜ்யம் இப்படித்தான் என்கிறார் இயேசு. இதை எப்படி வரைவது? புளிப்பது கண்ணுக்குத் தெரியாத காரியம். மில்லே மாவு பிசைகிறவளை வரைந்து அதோடு விட்டுவிட்டார். விளக்கம் சேர்க்கவில்லை. படத்தைப் பார்க்கும் சமையற்காரிக்கு மீதி தெரியும்.

நிலக்காட்சிகளில் வேறொரு கலப்பு உண்டு. ஆட்கள் உடுத்தியிருப்பது கீழைநாட்டு அங்கியும் தலைப்பாகையும். அநீதியுள்ள நியாயாதிபதியின் படத்தில் அது நன்றாகவே தெரியும். காலடி மண்ணோ ஸ்காட்லாந்து. மில்லேயின் மனைவி எஃபியின் குடும்பம் பெர்த் நகரத்தில் இருந்தது. 1855இல் மணமான பின் அங்கே அதிக காலம் தங்கினார், அந்த வட்டாரத்துக் காட்சிகளைப் பின்னணியாக எடுத்துக்கொண்டார். விதைக்கிறவனின் கற்பாறை நிலம் பாலஸ்தீனத்துக்குப் போய்ப் பார்த்தது அல்ல, பெர்த்ஷயர் மேட்டு நிலம். அவர் நண்பரான ஓவியர் ஹோல்மன் ஹன்ட் புண்ணிய பூமிக்கே போய் அங்குள்ள உப்பு மண்ணை வரைந்தவர். அந்த நேர்மையோடு ஒப்பிட்டு மில்லேயைக் குறை சொல்வோர் உண்டு. ஆனால் ஸ்காட்லாந்து வாசகருக்கு, கல்லில் விழுந்த விதை முளைத்துக் கருகுவது தன் சொந்த வயலின் அனுபவம். உவமை வேலை செய்ய அதுதான் வேண்டும்.

செதுக்கி முடிந்த கட்டையிலிருந்து முதலில் கையால் சோதனைப் பிரதி எடுப்பார்கள். மை தடவி, மெல்லிய ‘இந்தியத் தாள்’ வைத்து (அது சீனாவிலிருந்து வந்த தாள், பெயர்தான் அப்படி), மெருகுக் கருவியால் பின்பக்கம் தேய்த்து எடுப்பது. கறுப்பு வேண்டிய இடத்தில் அழுத்தித் தேய்க்கலாம், வெளிறிய தூரத்தில் லேசாக விடலாம். ஆகவே சோதனைப் பிரதி எப்போதும் மிக அழகாக இருக்கும். ஓவியர் அதைப் பார்த்து மகிழ்வார். பிறகு பத்திரிகையில் வந்ததைப் பார்த்து வருந்துவார்.

இயந்திரம் எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் தரும். அதை ஈடுகட்ட, தூரத்து மலை போன்ற பகுதிகளைச் செதுக்கும் முன்பே சற்றுச் சுரண்டித் தாழ்த்திவிடுவார்கள். அங்கே மையும் அழுத்தமும் குறையும். அச்சகத்தில் தாளுக்குப் பின்னால் மெல்லிய துண்டுத் தாள்களை வெட்டி ஒட்டி, கறுப்பு இடங்களுக்குக் கூடுதல் அழுத்தம் தருவார்கள். நம் ஊர் லெட்டர்பிரஸ் அச்சகங்களில் ‘மேக் ரெடி’ என்று சொல்லிவந்த அதே வேலை. ஒரு நல்ல பிளாக்குக்கு இதற்கே பல மணி நேரம் பிடிக்கும். மாத இதழுக்கு அவ்வளவு நேரம் கிடையாது.

மேலும், பெரிய எண்ணிக்கையில் அடிக்க மூலக்கட்டையையே இயந்திரத்தில் பூட்டுவது ஆபத்து. ஈரத்திலும் சூட்டிலும் இணைப்பு விடும், வெடிப்பு வரும். அதனால் எலக்ட்ரோடைப், அதாவது கட்டையின் தாமிர நகல். இளஞ்சூடான மெழுகில் கட்டையை அழுத்தி அச்சு எடுத்து, அதில் கிராஃபைட் தூள் பூசி மின்சாரம் கடத்தும்படி செய்து, தாமிர சல்பேட் கரைசலில் தொங்கவிட்டால் மெல்லிய தாமிரத் தோல் படியும். அதன் பின்பக்கம் ஈயக் கலவை ஊற்றி, மரத்தில் பொருத்தி அச்செழுத்து உயரத்துக்குக் கொண்டுவருவார்கள். இதில் முதலில் பலியாவது நுண்ணிய வெள்ளை. மெழுகு சரியாக இறங்காத சின்னக் கட்டங்கள் அடைந்துபோகும். அச்சில் அவ்விடம் கறுப்புத் திட்டாகும்.

பழைய தாள் ஒன்று கையில் கிடைத்தால் கவனிக்க வேண்டியதும் இதையேதான். முகங்களுக்கு அருகில் உள்ள குறுக்குக் கோட்டுப் பகுதியை உருப்பெருக்கியில் பாருங்கள்: கட்டங்கள் திறந்து தெளிவாக இருந்தால் நல்ல அச்சு. அடைந்திருந்தால் தேய்ந்த எலக்ட்ரோ அல்லது அவசர மை. படத்தின் குறுக்கே அளவுகோல் வைத்ததுபோல் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால், அது இணைப்பு விலகிய தடம். தாள் மிக மெல்லியதாக, பின்புறம் தேய்த்த பளபளப்போடு இருந்தால் கையால் எடுத்த சோதனைப் பிரதியாக இருக்கலாம். ‘குட் வேர்ட்ஸ்’ இதழிலிருந்து பிரித்தெடுத்த பக்கங்கள் விலை குறைவு. நூலின் அச்சு பொதுவாக அவற்றைவிடத் தெளிவு. பின்னாளில் யாரோ வண்ணம் தீட்டிய பிரதிகளைத் தவிர்ப்பது நல்லது. மில்லே வெள்ளைத் தாளை ஒளியாகக் கணக்கிட்டு வரைந்தவர். அதன் மேல் நீலமோ மஞ்சளோ ஏறினால் கணக்குக் குலைந்துவிடும்.

ஒன்றை மட்டும் எந்தப் பிரதியிலும் பார்க்க முடியாது. கட்டையில் மில்லே நேரடியாக வரைந்த கோடு, செதுக்கும்போதே அழிந்தது. 1860களில்தான் ஓவியத்தைப் புகைப்படமாக எடுத்துக் கட்டையின் மேல் ஏற்றும் முறை பரவியது. அதன் பிறகு மூல வரைபடத்தைத் தாளிலேயே காப்பாற்ற முடிந்தது, செதுக்கியதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடிந்தது. உவமைகள் அதற்குச் சற்று முன்னால் முடிந்துவிட்டன.